இரண்டு பக்கக் கணக்கு: சிட்னித் துறைமுகக் கரையில் ஒரு நடை



வழக்கமாக இந்த நேரத்தில் வருமான வரி, ஓய்வூதியம், சேமிப்பு என்று ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் பேசுவேன். இன்றும் அதை எதிர்பார்த்துப் பேனாவும் கடதாசியுமாக இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று நான் பேச வந்தது ஒரு நடையைப் பற்றி. அந்த நடையில் தெரியவந்த என்னுடைய பிழை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பிழையை இதே ஒலிவாங்கியின் முன்னால் இருந்துதான் செய்தேன். ஆகவே திருத்தத்தையும் இங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

முதலில் பிழை. 2014 மார்ச் மாதம் நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் ஓர் அறிவித்தல் விடுத்தது. சிட்னித் துறைமுகப் பாலத்துக்கு அருகே மில்லர்ஸ் பொயின்ற், த றொக்ஸ் ஆகிய இடங்களில் இருந்த 293 அரசாங்க வீடுகளை விற்கப்போவதாகச் சொன்னார்கள். அவற்றில் வாடகைக்கு இருந்த நானூறு பேரளவிலான மக்கள் வேறு இடங்களுக்குப் போக வேண்டும். அந்த வாரம் இதே வானொலியில் அதைப் பற்றிக் கேட்டார்கள். நான் சற்றும் தயங்கவில்லை. பழைய வீடுகள், பராமரிப்புச் செலவு அதிகம், ஒவ்வொன்றும் மில்லியன் கணக்கில் விலைபோகும். ஒன்றை விற்ற காசில் புறநகரில் இரண்டு மூன்று வீடுகள் கட்டலாம். வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியலோ மிக நீளம். கணக்குத் தெரிந்த எவரும் விற்கத்தான் சொல்வார் என்று பேசி முடித்தேன்.

நிகழ்ச்சி முடிந்த கையோடு ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். மில்லர்ஸ் பொயின்றில் தனியே வாழ்ந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டிக்கு வீட்டுப் பணிவிடை செய்பவர். அவர் கேட்டார்: “தம்பி, நான் கிழமைக்கு ரெண்டு நாள்தான் அங்க போறன். மற்ற அஞ்சு நாளும் அந்தத் தெருதான் அவவைப் பார்க்குது. அதை நீங்கள் எந்தப் பத்தியில எழுதினீங்கள்?”

நான் சிரித்துக்கொண்டே, “அம்மா, நீங்கள் சொல்வது மனிதாபிமானம். நான் சொன்னது கணக்கு” என்றேன். அவர் “சரி தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பின் அவர் குரலை நான் கேட்கவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

இனி நடைக்கு வருகிறேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் என் மகள், எனக்கும் மனைவிக்குமாக ஒரு வழிகாட்டி நடைக்குப் பதிவு செய்து தந்தாள். ஞாயிறு காலை, இரண்டு மணி நேரம், பத்துப் பன்னிரண்டு பேர். கூடிய இடம் பரங்கரூ மெற்றோ நிலைய வாசல். 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட நிலையம் அது. வழிகாட்டி ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. அவருடைய தகப்பனும் பாட்டனும் இதே கரையில் மூட்டை சுமந்தவர்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

பரங்கரூ என்பது ஒரு பெண்ணின் பெயர். ஆங்கிலேயர் 1788இல் வந்திறங்கியபோது இந்தத் துறைமுகத்தில் மீன் பிடித்து வாழ்ந்த கம்மரேகல் இனத்துப் பெண் அவர். கணவர் பெனலோங் ஆளுநரோடு பழகி ஆங்கிலேய உடை உடுத்தியபோதும், இவர் அதை உடுத்த மறுத்தவர். 1791இல் இறந்துபோனார். இந்த 22 ஹெக்டேயர் நிலத்துக்கு 2006இல் அவருடைய பெயரைச் சூட்டினார்கள். அதற்கு முன்பு இது கொங்கிறீட் பரவிய கொள்கலன் துறை. இன்று ஒரு பக்கம் வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் இருக்கும் கண்ணாடிக் கோபுரங்கள், அவற்றுக்கப்பால் 271 மீற்றர் உயரத்தில் 2020இல் திறக்கப்பட்ட கசினோ விடுதி. மறு பக்கம் 2015இல் திறக்கப்பட்ட பூங்கா.

அந்தப் பூங்காவைப் பார்த்தால் ஆதிகாலம் தொட்டே இருந்த குன்று என்றுதான் நினைப்பீர்கள். உண்மையில் அங்கிருந்த இயற்கையான நிலமுனையைக் கப்பல்களுக்காக வெட்டித் தட்டையாக்கிவிட்டிருந்தார்கள். இப்போது இருப்பது திரும்பக் கட்டிய குன்று. முன்னாள் பிரதமர் போல் கீற்றிங் விடாப்பிடியாக நின்று வலியுறுத்திய திட்டம் அது. அந்த இடத்திலேயே தோண்டி எடுத்த மணற்கல்லை ஏறத்தாழ 10,000 பாளங்களாக அறுத்து நீர்விளிம்பில் அடுக்கி, 75,000க்கும் மேற்பட்ட உள்நாட்டு மரஞ்செடிகளை நட்டிருக்கிறார்கள். கற்படிகளில் பிள்ளைகள் இருந்து தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. நல்ல காரியம் நடந்த இடத்தில் நல்லது என்று சொல்லத்தான் வேண்டும்.

பூங்காவின் அடிவாரத்தை ஒட்டிப் போகிறது ஹிக்சன் வீதி. அதன் ஒரு பகுதியைத் தொழிலாளர்கள் ‘பசி மைல்’ என்று அழைத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலை தேடி வந்தவர்கள் ஒரு கப்பல் துறையிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று நடந்த வீதி அது. காலையில் கூட்டமாக நிற்பார்கள். கங்காணி வந்து, “நீ, நீ” என்று விரல் நீட்டுவான். உடல்வாகு உள்ளவனுக்குத்தான் வேலை. வழிகாட்டி அம்மையாரின் பாட்டனார் குள்ளமானவராம். இரண்டு சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, உடம்பைப் பெரிதாகக் காட்டிக்கொண்டு போய் நிற்பாராம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான் முறைவைத்து வேலை கொடுக்கும் ஏற்பாடு வந்தது.

இதைக் கேட்டதும் எனக்கு என் ஐயாவின் நினைவு வந்துவிட்டது. அவர் கொழும்புத் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் எழுதுவினைஞராக இருந்தவர். 1958இல் அரசாங்கம் துறைமுகச் சரக்கு வேலையைத் தன் கையில் எடுத்துக் கூட்டுத்தாபனம் அமைத்ததற்கு முன்னால், கொழும்பிலும் மனிதர்கள் இப்படித்தான் காத்து நின்றார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவருடைய வேலை எளியது. மூட்டை ஒன்று இறங்கினால் ஒரு கோடு. நான்கு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். கப்பல் பக்கத்தில் ஒருவர் எண்ணுவார், கரைப் பக்கத்தில் ஒருவர் எண்ணுவார். பொழுதுபட்டதும் இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துவராவிட்டால் தகராறுதான். நான் வர்த்தகப் பட்டப்படிப்புக்குப் போனபோது ஐயா எனக்குச் சொன்ன ஒரே தொழில் அறிவுரை, “மற்றப் பக்கத்துப் புத்தகத்தைப் பாராமல் கையெழுத்து வைக்கப்படாது” என்பதுதான்.

நேயர்களே, பூங்காவைச் சுற்றிக் கிழக்கே திரும்பினால் வோல்ஷ் பே வருகிறது. மரத்தாலான நீண்ட இறங்குதுறைகள் கைவிரல்களைப் போலத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஏன் விரல் வடிவம்? ஒவ்வொரு விரலின் இரு பக்கத்திலும் கப்பல் கட்டலாம். சிறிய கரையில் நிறையக் கப்பல். கீழே தாங்கி நிற்பவை ரேபன்ரைன் என்னும் உள்நாட்டு மரத் தூண்கள். உப்புத் தண்ணீரில் மரத்தைத் துளைத்து அரிக்கும் புழுவுக்கு அந்த மரம் இலகுவில் இடங்கொடுக்காது. கரையோடு ஒட்டிய பாறையைக் குடைந்து ஹிக்சன் வீதியை அமைத்து, மேலே வீதியைக் கடக்கும் பாலங்கள் போட்டிருக்கிறார்கள். மலைமேல் தெருவிலிருந்து கிட்டங்கியின் மேல் தட்டுக்கு நேரே போகலாம், கீழ்த் தெருவிலிருந்து கீழ்த் தட்டுக்குப் போகலாம். உள்நாட்டிலிருந்து வந்த ஆட்டு உரோமச் சிப்பங்கள் இந்த வழியாகத்தான் உலகத்துக்குப் போயின.

இவ்வளவும் ஏன் கட்டப்பட்டது என்றால், ஒரு கொள்ளை நோயினால். 1900 ஜனவரியில் சிட்னியில் பிளேக் நோய் தொடங்கியது. முதல் நோயாளி, இந்தக் கரையின் ஒரு துறையில் வேலைசெய்த வண்டிக்காரர். அவ்வாண்டு ஓகஸ்ட் வரையில் 303 பேருக்கு நோய் கண்டு 103 பேர் இறந்தார்கள். தனியார் வசம் சீரழிந்து கிடந்த துறைகளும் அவற்றின் பின்னால் நெருங்கிக் கிடந்த வீடுகளும் எலிகளின் இருப்பிடமாக இருந்தன. அரசாங்கம் கரை முழுவதையும், வீடுகள் கடைகள் மதுச்சாலைகள் உட்பட, ஒட்டுமொத்தமாகச் சுவீகரித்தது. 1901இல் துறைமுக நம்பிக்கைச் சபை ஒன்றை அமைத்தது. அதன் பொறியியலாளர் வோல்ஷின் பெயரால்தான் இந்தக் குடா அழைக்கப்படுகிறது. எலி ஏற முடியாத கடற்சுவரும் அப்போது கட்டப்பட்டதுதான்.

1970களில் கொள்கலன் வந்தது. இரும்புப் பெட்டியை இறக்கிவைக்கப் பரந்த வெளி வேண்டும், விரல் போன்ற மரத்துறை உதவாது. கப்பல்கள் போய்விட்டன. எங்கள் தொழிலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஆண்டுதோறும் பெறுமதியைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒருநாள் புத்தகத்தில் பூச்சியம் ஆகிவிடும். அப்படிப் பூச்சியமாகிப்போன இடம் இது. இதே காலத்தில் அயலில் இருந்த த றொக்ஸ் பகுதியை இடித்து உயர்ந்த கட்டடங்கள் எழுப்பத் திட்டம் வந்தது. குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். ஜக் மன்டே என்பவரின் தலைமையில் கட்டடத் தொழிலாளர் சங்கம், ‘நாங்கள் இடிக்க மாட்டோம்’ என்று வேலையை நிறுத்தியது. ‘பசுமைத் தடை’ என்று பெயர் பெற்ற போராட்டம் அது. தமக்குச் சம்பளம் தரும் வேலையைத் தாமே மறுத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வோல்ஷ் பேயும் மெல்ல மெல்ல வேறு உயிர் பெற்றது. 1984இல் ஓர் இறங்குதுறைக்குள் சிட்னி நாடகக் குழு குடிபுகுந்தது. பின்னர் ஒரு துறை இருந்த இடத்தில் தொடர்மாடி வீடுகள் எழுந்தன. மற்றவற்றில் அலுவலகங்களும் உணவகங்களும் வந்தன. இரண்டாம் மூன்றாம் இலக்கத் துறை திருத்தப்பட்டு 2022இல் கலையரங்குகளாகத் திறக்கப்பட்டது. பழைய மர உத்திரங்களையும் பாரந்தூக்கிகளையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். என் மனைவி ஒரு தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, “எவ்வளவு கவனமாய் வைச்சிருக்கினம் பாருங்கோ” என்றாள்.

அதன் பின் படியேறி மேலே வின்ட்மில் தெருவுக்குப் போனோம். நான் 2014இல் கண்ணால் காணாமல் கணக்குப் பார்த்த தெருக்கள் இவைதாம்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். புதிய வர்ணம், வாசலில் பூச்சாடி, பளபளக்கும் பித்தளைக் கைபிடி. அழகுக்குக் குறைவில்லை. ஞாயிறு காலை பத்தரை மணிக்குத் தெருவில் எங்களைத் தவிர யாருமில்லை. வழிகாட்டி அம்மையார் ஒரு வீட்டுக்கு எதிரே நின்று சொன்னார்: 1900இல் சுவீகரித்த நாளிலிருந்து அரசாங்கமே இங்கு வீட்டுச் சொந்தக்காரர். துறையில் வேலை செய்தவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். பாட்டன், தகப்பன், பிள்ளை என்று குடும்பங்கள் தொடர்ந்து இருந்தன. 1980களில் இந்த வீடுகள் துறைமுக நிர்வாகத்திடமிருந்து வீடமைப்புத் திணைக்களத்துக்குக் கைமாறின. 2014இல் விற்பனை. அவருடைய தாயாரும் போக வேண்டியதாயிற்று.

எங்களில் ஒருவர், “அம்மாவுக்கு மோசமான வீட்டையா கொடுத்தார்கள்?” என்று கேட்டார்.

“இல்லை, நல்ல வீடு” என்றார் அவர். “புதிய சமையலறை, லிஃப்ட், ஈரச்சுவர் இல்லை. இங்கே இருந்ததைவிட வீடு திறம். ஆனால் இந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. தனியே இருக்கும் கிழவிகள் காலையில் முன் யன்னல் திரையை உயர்த்தி விடுவார்கள். ஒன்பது மணியாகியும் திரை உயராவிட்டால் எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். அம்மா ஒரு முறை குளியலறையில் விழுந்தபோது ஒன்பதே காலுக்குக் கண்டுபிடித்தார்கள். புதிய இடத்திலும் அவர் திரையை உயர்த்திக்கொண்டுதான் இருந்தார். அதைப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. மறுபடி விழுந்தபோது அடுத்த நாள் பின்னேரம்தான் தெரியவந்தது.”

அவர் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அடுத்த இடத்துக்கு வாருங்கள் என்று நடக்கத் தொடங்கிவிட்டார். எனக்குத்தான் கால் எழவில்லை. “மற்ற அஞ்சு நாளும் அந்தத் தெருதான் பார்க்குது” என்ற குரல் காதில் கேட்டது. அந்த அம்மா என்னிடம் கேட்டது மனிதாபிமானக் கேள்வி அல்ல, சுத்தமான கணக்குக் கேள்வி. தெரு இலவசமாகச் செய்துவந்த வேலை அது. தெருவைக் கலைத்த பின் அதே வேலையை ஒருவர் சம்பளத்துக்குச் செய்ய வேண்டும், அல்லது செய்யாமல் விட்டு ஆஸ்பத்திரிச் செலவாக ஏற்க வேண்டும். காசு கைமாறாத வேலை எங்கள் பேரேட்டில் ஏறுவதில்லை. ஏறவில்லை என்பதால் இல்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

கடைசியாக, பாலத்தின் அடியில் சிரியஸ் கட்டடத்தைப் பார்த்தோம். 1970களில் த றொக்ஸ் பகுதியின் மீள்கட்டுமானத்தால் வீடிழந்தவர்களுக்கென்று அரசாங்கமே கட்டிக்கொடுத்த 79 வீடுகள். பசுமைத் தடைப் போராட்டத்தின் பயன் என்றே சொல்லலாம். அதுவும் 2019இல் 150 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டு, இன்று விலையுயர்ந்த தொடர்மாடியாக நிற்கிறது.

நேயர்களே, மறுபக்கத்தை மறைத்தால் நான் மீண்டும் அதே பிழையைச் செய்தவனாவேன். அந்த விற்பனைகளால் 600 மில்லியன் டொலருக்கு மேல் கிடைத்தது. அந்தப் பணத்தில் வேறு இடங்களில் ஏறத்தாழ 1,500 வீடுகள் என்பது அரசாங்கம் சொன்ன கணக்கு. அப்படியான வீடுகளில் இன்று குடியிருப்பவர்களுக்கு அது பெரிய வாழ்வு. நம்மவர்களிலும் அரசாங்க வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். மில்லர்ஸ் பொயின்றில் முதியவர்கள் சிலர் விடாது போராடி அங்கேயே தங்க அனுமதி பெற்றதும் உண்மை. ஆகவே விற்றது முழுவதும் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. வயதானவர்களை விட்டுவிட்டு வெறுமையாகும் வீடுகளை மட்டும் விற்றிருக்கலாமா, ஒரே தெருக்காரரை ஒரே இடத்துக்கு ஒன்றாக அனுப்பியிருக்கலாமா என்ற கேள்விகளையாவது அன்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன். ஐயா செய்யாதே என்று சொன்ன காரியம்.

இன்னொன்றும் மனதை உறுத்தியது. மரத்தூணைக் காப்பாற்றினோம், பாரந்தூக்கியைக் காப்பாற்றினோம், வெட்டிய குன்றைக்கூடத் திரும்பக் கட்டினோம். புத்தகத்தில் பூச்சியமாகிப்போன பொருள்களுக்குப் பெறுமதி உண்டு என்று இந்த நகரம் கண்டுகொண்டது. அந்தப் பாரந்தூக்கியை இயக்கியவனின் பிள்ளைகளுக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று.

இதை ஏன் எங்கள் வானொலியில் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். வென்ற்வேர்த்வில்லிலும் ரூங்காபியிலும் ஹோம்புஷிலும் இருந்து என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் கேட்பது ஒரே விடயம். “அங்கிள், அம்மாவின் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு கூட்டிக்கொண்டு போனால் பென்சனுக்கு என்ன ஆகும்?” முன்பெல்லாம் சொத்துச் சோதனை, மூலதன இலாப வரி என்று கணக்கைப் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அந்த நடைக்குப் பிறகு முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன். “இப்போது இருக்கும் இடத்தில் அம்மாவின் யன்னல் ஒரு நாள் திறபடாவிட்டால் யார் கவனிப்பார்கள்? நீங்கள் கூட்டிக்கொண்டு போகும் இடத்தில், நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பின் யார் கவனிப்பார்கள்?” பதிலைக் கடதாசியில் எழுதச் சொல்கிறேன். சிலர் எழுதிப் பார்த்துவிட்டும் கூட்டிக்கொண்டு போகிறார்கள், அதுவே சரியாகவும் இருக்கிறது. சிலர் இன்னும் ஓராண்டு போகட்டும் என்று எழுந்து போயிருக்கிறார்கள். எதுவானாலும் இரண்டு புத்தகத்தையும் பார்த்த பின் எடுத்த முடிவு.

நேயர்களே, நீங்களும் ஒருமுறை இந்த நடையைப் போய் வாருங்கள். மெற்றோவில் பரங்கரூவில் இறங்கி, தண்ணீரை இடது பக்கமாக வைத்துக்கொண்டு பூங்காவைச் சுற்றி வோல்ஷ் பே வரையில் நடக்கலாம். பாதை பெரும்பாலும் சமதரையானது, முதியவர்களும் நடக்கலாம், இருப்பதற்கு வாங்குகள் உண்டு. பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். முடிந்தால் படியேறி வின்ட்மில் தெருவையும் ஆகைல் பிளேசையும் பார்த்துவிட்டு வாருங்கள். யன்னல்களைக் கவனியுங்கள்.

கடைசியாக, 2014இல் தொலைபேசியில் வந்த அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இன்றும் எங்கள் வானொலியைக் கேட்பவராக இருந்தால், உங்கள் கேள்விக்கு நான் அன்று சொன்ன பதில் பிழை. எந்தப் பத்தியிலும் நான் அதை எழுதியிருக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு ஒருமுறை அழைத்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள். இம்முறை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் வழமைபோல வரிக் கணக்கோடு சந்திப்போம்.